நிலநடுக்கியின் இடது கால்

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் மீசை மேல் சத்தியம். மீசையை மழித்துப் பல காலம் ஆகிறதே என்று சிலர் குறுக்கே விழுந்து கேட்கலாம். மீசை இருந்த இடம் அப்படியேதான் இருக்கிறது, அதன் மேல் சத்தியம். அதுவும் போதாதென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அடமானம் வைக்கத் தயார். கண்ணாடி இல்லாவிட்டாலும் எனக்குக் கதை நன்றாகவே தெரியும்.

சித்திரக்காரர் என்று ஒருவர். படக்கதை வரைவது தொழில். பல வருடமாக அவர் வரைந்துவந்தது ஒரே ஒரு கதாநாயகியைத்தான். அவள் பெயர் நிலநடுக்கி. அவளுக்கு இடது கால் சற்றுக் குட்டை, விந்தி விந்தித்தான் நடப்பாள். ஆனால் அக்கிரமக்காரன் எவனாவது எதிரே வந்துவிட்டால், அந்தக் குட்டைக் காலைத் தூக்கித் தரையில் ஒரு போடு போடுவாள். பூமி கிடுகிடுக்கும். கொள்ளைக்காரன் கையிலிருந்து பை நழுவும். லஞ்சம் வாங்கிய மேயரின் பொய்ப்பல் செட் தெறித்து மைக்கில் போய்க் கடித்துக்கொள்ளும். எது குறையோ அதிலேதான் சக்தி. இதைத் தவிர இந்தக் கதையில் ஒன்றும் இல்லை என்று ஒரு விமர்சகர் எழுதினார். சித்திரக்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்தக் கால் அவருடைய அக்காவின் கால்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவள். பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மேலே போய்க் கீழே வருவாள். டாக்டர், நோயாளி, நோயாளியைத் தேடி வழி தப்பி வந்தவர், எல்லாரும் அவளுக்கு ஒன்றுதான். "உள்ள தள்ளி நில்லுங்க. ஏங்க, அந்தப் பைய எறக்குங்க, பின்னாடி நிக்கிறவரு ஏற்கெனவே நோயாளி" என்று ஒரு அதட்டுப் போட்டால் எலும்பு முறிவுக்காரரும் ஒதுங்கி நிற்பார்.

ஒரு பெரிய நிறுவனம் நிலநடுக்கியைத் தொடராக எடுக்க வந்தபோது, சித்திரக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், காலில் மட்டும் கை வைக்காதீர்கள். நிறுவனத்தார் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்கள்: "சார், அந்தக் காலுக்காகத்தானே வந்திருக்கோம்."

அன்றிலிருந்து அக்காவின் லிஃப்டில் எந்த மாடிக்குப் போனாலும் ஒரே பேச்சு. "என் காலு டிவியில வரப்போகுது. மீதி உடம்புக்கு வேற ஆளு போட்டிருக்காங்க."

படப்பிடிப்பைப் பார்க்க வரும்படி அழைப்பு வந்ததும் அக்கா லீவு போட்டாள். அவள் லீவு போட்டு யாரும் பார்த்ததில்லை. கல்யாணங்களுக்கென்று மடித்து வைத்திருந்த உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டு, தம்பிக்கு முந்தியே வாசலில் வந்து நின்றாள்.

படப்பிடிப்புத் தளத்தின் வாசலில் ஒரு காவலர். அவர் கையில் ஒரு கணினிப் பலகை.

"பேரெல்லாம் வெச்சுக்கிறதில்லை சார், வகைதான்," என்றார். "நடிகரா, டெக்னீஷியனா, சாப்பாடா?"

"கதை எழுதினவன்."

"எழுத்தாளருங்க ஒரு பஸ் நெறைய காலையிலேயே வந்து எறங்கிட்டாங்களே."

"அவங்க எழுதறதுக்கு முன்னாடி எழுதினவன்."

காவலர் பலகையை மேலும் கீழுமாகத் தடவித் தேடினார். கடைசியில் முகம் மலர்ந்து ஒரு அட்டையை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார். அதில் 'மூலப்பொருள்' என்று அச்சிட்டிருந்தது.

"அப்ப நான்?" என்றாள் அக்கா.

"நீங்க துணைப்பொருள்ம்மா."

"பரவாயில்லடா," என்று தம்பியின் காதைக் கடித்தாள் அக்கா, "கழிவுப்பொருள்னு போடாம விட்டாங்களே."

அத்தோடு விடவில்லை. சித்திரக்காரர் வலது கையை உயர்த்தி, இந்தக் கதையை வெளியில் எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி சொல்ல வேண்டுமாம்.

"கதையே என்னோடதுங்க. புத்தகமா கடையில விக்குது."

"அதனாலதான் சார் சொல்றேன். நாளைக்குக் கதை வெளிய கசிஞ்சுதுன்னா மொதல் சந்தேகம் உங்க மேலதான் வரும்."

சித்திரக்காரர் கையை உயர்த்தினார். யோசித்துப் பார்த்தால், எல்லாம் அந்தக் கையை உயர்த்தியதில்தான் தொடங்கியது. ஒருவரை ஒரு சின்ன விஷயத்துக்குத் தலையசைக்க வைத்துவிட்டால் பெரிய விஷயத்துக்கு அவர் தலை தானாகவே அசையும். இது நிறுவனங்களுக்கெல்லாம் தெரியும்.

உள்ளே, கையில் பூங்கொத்தோடு ஓர் அம்மாள் விரைந்து வந்தாள். காதில் ஒரு கருவி, முகத்தில் ஒரு புன்னகை. இரண்டையும் கழற்றிப் பல நாள் ஆகியிருக்கும்போல் தெரிந்தது. மூலப் படைப்பாளர் மரியாதைப் பிரிவின் அதிகாரி அவள்.

"வணக்கம் சார்! எங்க நிறுவனத்துல மரியாதைக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. மத்தவங்க யாரும் வேலை நேரத்தை மரியாதையில வீணாக்கக் கூடாது பாருங்க."

பூங்கொத்தைக் கொடுத்தாள். ஒருவர் படமெடுத்தார். பூங்கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதைத் தண்ணீர் வாளியில் வைக்க ஒருவர் ஓடினார். பின்கட்டுத் தளத்தில் ஒரு நாவலாசிரியர் மதியம் வருகிறாராம்.

அடுத்து நாற்காலி. 'படைப்பாளர்' என்று முதுகில் பொறித்த மடக்கு நாற்காலி, சுற்றிலும் தங்க நிறக் கயிறு. "உங்களுக்கே உங்களுக்கு," என்று அதிகாரி அவரை அதன் பக்கத்தில் நிற்க வைத்தாள். "உக்காரத்தான் கூடாது. உக்காந்தா துணி தொய்ஞ்சிடும். தொய்ஞ்ச நாற்காலியைக் காட்டினா, நிறுவனம் படைப்பாளரைச் சரியா நடத்தலைன்னு ரசிகர்கள் சொல்லிடுவாங்க."

அவள் சொல்லி வாய் மூடுமுன் அக்கா கயிற்றைத் தாண்டிப் போய் 'அப்பாடா' என்று உட்கார்ந்துவிட்டாள். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பழகியவளுக்கு நாற்காலியைக் கண்டால் அது உட்காரத்தான் என்று தோன்றும். அவளை எழுப்ப எந்தப் பிரிவுக்கு அதிகாரம் என்று காதுக் கருவிகளில் ஒரு விவாதம் நடந்தது. முடிவு வருவதற்குள் அவளுக்கே போதும் என்று ஆகி எழுந்துகொண்டாள்.

பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே நிலநடுக்கியின் முதல் புத்தகம், மேலே ஒரு விளக்கு. பெட்டிக்குப் பூட்டு.

"இந்தத் தளத்துல யாரும் உங்க புத்தகத்தைப் படிக்கக் கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு," என்றாள் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. "அவ்வளவு மதிப்பு வெச்சிருக்கோம்."

சித்திரக்காரர் நன்றி சொன்னார். சொன்ன பிறகுதான், எதற்குச் சொன்னோம் என்று யோசித்தார்.

தளத்தின் நடுவே ஒரு தெருவையே கட்டியிருந்தார்கள். முன்பக்கம் பார்த்தால் மருந்துக்கடை, தபால் நிலையம், பூட்டு ரிப்பேர் கடை. பின்பக்கம் போனால் வெறும் ஒட்டுப்பலகையும் முட்டுக்கட்டையும், ஒரு ஓரத்தில் யாரோ குடித்து வைத்த காபிக் கோப்பையும். தரை முழுக்க ஒயர்கள் பாம்புப் புற்றை உடைத்ததுபோல் ஓடின. ஒரு ஒலிபெருக்கி "நடுங்கு!" என்றதும் தெருவில் நின்ற ஜனங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இடதுபக்கம் சாய்ந்தார்கள். "நிமிரு!" என்றதும் நிமிர்ந்தார்கள். கொஞ்சம் முந்திச் சாய்ந்த ஒரு பெரியவரைத் தனியே கூப்பிட்டு, நடுக்கம் என்றால் என்னவென்று விளக்கினார்கள்.

அப்போது நிலநடுக்கி வந்தாள். நெடுநெடுவென்ற பெண். அளவுகோலை வைத்துக் கோடு கிழித்ததுபோல் நேராக நடந்து வந்தாள். தெரு நடுவே நின்று, வலது கையை உயர்த்தி, விரலைச் சொடுக்கினாள். ஜனங்கள் சாய்ந்தார்கள்.

"இது யாருடா?" என்றாள் அக்கா.

"நிலநடுக்கி."

அக்கா அவள் கால்களைப் பார்த்தாள். "ஒருவேளை இனிமேதான் கால்ல அடிபடுமோ?"

சித்திரக்காரருக்குக் காது மடல் சுட்டது. அதிகாரியிடம் போய், "அந்தக் கால் விஷயம்..." என்று இழுத்தார். அதிகாரி அவரைக் கதைத் தலைவர் முன்னால் கொண்டு நிறுத்தினாள். கதைத் தலைவர் தாடி வைத்த மென்மையான மனிதர். யாரையும் புண்படுத்தாமல் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்.

"சார், காலை எடுத்துட்டோம்னு மட்டும் தயவு செஞ்சு சொல்லாதீங்க. மனசு கஷ்டமா இருக்கு. நாங்க எடுக்கல, உள்ள கொண்டுபோயிருக்கோம். உங்க புத்தகத்துல கால் மட்டும்தான் நொண்டுது. எங்க தொடர்ல மனசு நொண்டுது. வெளிய தெரியற குறை ஒரு எபிசோடு தாங்கும் சார். உள்ள இருக்கிற குறை மூணு சீசன் தாங்கும்."

"அந்தப் பொண்ணுக்கு அப்படி நடக்க இஷ்டமில்லையா?"

"அய்யோ, அவங்களுக்கு உயிர் சார். மாசக்கணக்கா பழகினாங்க. எடுத்து சில பேருக்குப் போட்டுக் காட்டினோம். பாதிப் பேரு ரொம்பப் பரிதாபமா இருக்குன்னாங்க. மீதிப் பேரு பரிதாபமே வரலைன்னாங்க. ரெண்டு தரப்பையும் மதிக்கணும் இல்லையா? நிமிர்ந்து நடக்க வெச்சுட்டோம்." பிறகு ஓரத்தில் வயர்லெஸ்ஸோடு நின்ற ஒருவரைக் காட்டினார். "ஆனா நடை ஆலோசகரை நாங்க வேலையை விட்டு எடுக்கல. அதுதான் எங்க நேர்மை."

"காலே இல்லைன்னா அவருக்கு என்ன வேலை?"

நடை ஆலோசகர் தாமே பதில் சொன்னார். "பழகின கால் இல்லையா சார், பழைய ஞாபகத்துல தப்பித் தவறி நொண்டிடப் போறாங்க. அப்படி ஆகாம பாத்துக்கறேன்."

அந்தச் சமயம் பார்த்துக் கறுப்பு அங்கியோடு ஒரு ஆள் தடாலடியாக நொண்டிக்கொண்டு அவர்களைக் கடந்து போனான். வில்லன். ஒதுக்கிய நொண்டலை வீணாக்க வேண்டாமே என்று அவனுக்குக் கொடுத்துவிட்டார்களாம். அக்கா அவன் போவதையே பார்த்தாள்.

"வரும்போது இந்தக் கால்ல நொண்டினான். போகும்போது அந்தக் கால்ல நொண்டறான்," என்றாள். பிறகு, தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போகட்டும் விடு. எப்படியோ டிவியில வருதுல்ல," என்றாள்.

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இந்தச் சமாதானம்தான் ஈரச்சாக்கு மாதிரி அவர் மேல் வந்து விழுந்தது. அப்போதே மனதில் ஒரு வாக்கியத்தைக் கட்டிக்கொண்டார்: 'கால் இல்லாம இவ நிலநடுக்கி இல்ல. நான் இதை ஒத்துக்க மாட்டேன்.' நல்ல வாக்கியம். மாற்ற ஒரு எழுத்து இல்லை.

அதைச் சொல்ல மேடையும் வந்தது. அந்தத் தளத்தில் ஒரு சடங்கு உண்டு. மூலக் கதையை எழுதியவரைக் கேமரா முன் நிறுத்தி, எடுத்த காட்சியை அவருக்குக் காட்டி, அவர் தலையசைப்பதைப் படம்பிடிப்பார்கள். ஆமோதிப்புக் காட்சி என்று பெயர். தொடர் எப்படி இருந்தாலும் இது மட்டும் நன்றாக இருக்க வேண்டும். இதற்கென்று தனி இயக்குநர்.

"தலையை ஒரு தடவை ஆட்டினா சந்தேகப்படற மாதிரி இருக்கும் சார்," என்றார் ஆமோதிப்பு இயக்குநர். "நாலு தடவை ஆட்டினா காசு வாங்கின மாதிரி இருக்கும். மூணு. அப்புறம், 'நான் மனசுல பார்த்தது இதுதான்'னு ஒரு வரி. உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க, வரியை மட்டும் மாத்திடாதீங்க."

விளக்குகள் எரிந்தன. எதிரே ஒரு திரையில் அந்த நெடிய பெண் விரலைச் சொடுக்கினாள். சித்திரக்காரர் கட்டி வைத்த வாக்கியத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தார். சுற்றிப் பார்த்தார். விளக்குப் பிடிக்கிறவர்கள், ஒயர் சுருட்டுகிறவர்கள், சாய்ந்து நிமிர்ந்து களைத்த ஜனங்கள், எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது முடிஞ்சாத்தான் சாப்பாடு," என்று யாரோ யாரிடமோ கிசுகிசுத்தது கேட்டது.

அந்த நெடிய பெண்ணும் அவர் பக்கத்தில் வந்து நின்று, கை கூப்பி, "உங்களுக்குப் பிடிக்கணும்னு தூங்கவே இல்ல சார்," என்றாள். பொய்யாகத் தெரியவில்லை. மரியாதை அதிகாரி அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டாள். கதைத் தலைவர் கண்ணை மூடித் திறந்து தைரியம் சொன்னார். இத்தனை பேரும் அவரிடம் அன்பாக இருந்தார்கள். ஒருவராவது முகத்தைச் சுளித்திருந்தால் அவர் சண்டை போட்டிருப்பார். பட்டினி கிடக்கிற அன்பானவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

வாக்கியம் நாக்கு நுனியிலிருந்து அண்ணத்துக்குப் போயிற்று. அங்கிருந்து தொண்டைக்கு. ஒரு மடக்கு எச்சிலோடு அது எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

"நான் மனசுல பார்த்தது இதுதான்," என்றார்.

தலை மூன்று தடவை அசைந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

"பிரமாதம் சார்! இப்படி யாருக்கும் முதல் தடவையிலேயே வந்ததில்லை," என்றார் இயக்குநர். "இன்னும் ஒண்ணு எடுத்துக்கலாம். இந்தத் தடவை கண்ணு கொஞ்சம் கலங்கினா நல்லா இருக்கும். கட்டாயம் இல்ல. வந்தா வரட்டும்."

கேமராவுக்குப் பின்னால், பொய்த் தபால் நிலையத்தின் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முதல் தலையசைப்பின்போது அவள் தம்பியைப் பார்த்தாள். இப்போது பார்க்கவில்லை. இரண்டாம் தடவை கேமரா ஓடத் தொடங்கியதும் மெள்ள எழுந்து, உடுப்பைத் தட்டிக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தாள். தளம் முழுக்க நிசப்தம். பலகைத் தரையில் அவள் நடை மட்டும் கேட்டது. ஒரு அடி மெத்தென்று, ஒரு அடி தொப்பென்று.

ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். "யாரோ நடக்கறாங்க!"

நடை ஆலோசகர் வயர்லெஸ்ஸைக் கையில் பிடித்தபடி பாய்ந்து ஓடினார். இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த முதல் வேலை அது. "மேடம்! மேடம்! நொண்டாதீங்க, ஷாட் போயிடும்!"

அக்கா நின்று திரும்பினாள். கோபம் ஒன்றும் இல்லை.

"முயற்சி பண்றேன் தம்பி. சின்ன வயசுலேருந்து முயற்சி பண்ணிக்கிட்டுதான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, மீதித் தூரத்தைச் சத்தம் வராமல் நடக்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, குட்டைக் காலின் நுனியை ஊன்றி, திருடி மாதிரி.

சித்திரக்காரர் வாயைத் திறந்திருக்கலாம். 'அக்கா, சாதாரணமா நட' என்று மூன்றே சொல். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது குறுக்கே பேசினால் எல்லாருக்கும் சாப்பாடு தள்ளிப்போகும். அவர் தலை அசைந்துகொண்டிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"கட்! வந்துடுச்சு! கண்ணீர் வந்துடுச்சு!"

தளமே கைதட்டியது. வில்லன்கூட இரண்டு காலிலும் நேராக நின்று தட்டினான். மரியாதை அதிகாரி தன் பிரிவுக்கு இது ஒரு மைல்கல் என்று கருவியில் அறிவித்தாள். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். போகிற போக்கில் அவர் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக்கொண்டார்கள்.

வெளியே, பஸ் நிற்கிற இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"அழுதியாமே. வாசல்ல இருக்கிறவரு சொன்னாரு. வயர்லெஸ்ல எல்லாருக்கும் கேட்டுச்சாம்."

"அக்கா..."

"நாளைக்கு லிஃப்ட்ல கேப்பாங்கடா. என்ன சொல்லட்டும், நீயே சொல்லு. நீதானே கதை எழுதறவன்."

சித்திரக்காரர் வாசல் பக்கம் பார்த்தார். "நான் திரும்பப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு?"

"கால் வேணும்னு. இல்லைன்னா எடுக்கக் கூடாதுன்னு."

"போயிட்டு வா. சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க, இப்பச் சொன்னா கேப்பாங்க," என்றாள். நம்பித்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு இன்னும் சுட்டது.

வாசலில் காவலர் தடுத்தார். "சார், மூலப்பொருள் ஒரு தடவைதான் உள்ள போகலாம். உங்களைச் சேர்த்தாச்சுன்னு பதிவாயிடுச்சு. அடுத்த சீசனுக்கு வேணும்னா கூப்பிடுவாங்க."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"எங்கிட்ட சொல்லுங்க, நான் உள்ள சொல்லிடறேன்."

சித்திரக்காரர் நாலு பக்கமும் பார்த்தார். விளக்கு இல்லை, கேமரா இல்லை, பசித்த முகம் எதுவும் இல்லை. வயிற்றுக்குள் போன வாக்கியம் தடையில்லாமல் மேலே வந்தது. "கால் இல்லாம இவ நிலநடுக்கி இல்ல. நான் இதை ஒத்துக்க மாட்டேன்!" என்றார். குரல் கணீரென்று இருந்தது. தெருவில் போன நாய் ஒன்று நின்று பார்த்தது.

காவலர் அதை அப்படியே வயர்லெஸ்ஸில் சொன்னார். உள்ளேயிருந்து கரகரவென்று பதில் வந்தது. அதைக் காவலர் வருத்தத்தோடு தமது சொல்லில் சொன்னார்: "ஆமோதிப்பு ஏற்கெனவே பதிவாயிடுச்சாம் சார். ஆட்சேபம் வேற பிரிவாம். அந்தப் பிரிவை இன்னும் ஆரம்பிக்கலையாம். ஆரம்பிச்சா மொத ஆளா உங்களைக் கூப்பிடறாங்களாம். மரியாதையோட."

அவர் திரும்பி வந்ததும் அக்கா பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ்ஸில் அவளே ஜன்னலோரம் இடம் பிடித்து, அவருக்கும் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

மறுநாள் லிஃப்டில் நர்ஸ் ஒருத்தி கேட்டாளாம், "என்னக்கா, காலு எப்ப வருது?"

"வில்லனுக்குக் குடுத்துட்டோம். பாவம், அவனுக்கு வேற ஒண்ணுமே இல்ல," என்றாளாம் அக்கா. லிஃப்டில் எல்லாரும் சிரித்தார்களாம். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

தொடர் வெளிவந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. ஆனால் சித்திரக்காரர் தலையசைத்து அழும் காட்சி மட்டும் ஊர் ஊராகப் பரவியது. மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்து டிவியில் அது மறுபடி மறுபடி வந்தது. ஒருநாள் அவர் அங்கே போய்ப் பின்னால் நின்று பார்த்தார். திரையில் அவர் தலை மூன்று தடவை அசைந்தது. கண்ணில் நீர் வந்தது. பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த நோயாளிகளும் உறவுகளும், என்ன ஏது என்று தெரியாமலே, அவரோடு சேர்ந்து தலையசைத்தார்கள். லிஃப்ட் மணி அடித்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சித்திரக்காரர் வீட்டுக்கு ஒரே பிள்ளை, அக்கா என்று யாரும் கிடையாது. இடது கால் குட்டை அவருக்குத்தான்.